முப்பத்தைந்து டிகிரி, ஒரு மணி நேரம்

அவ்வளவுதான் நான் அவற்றுக்குச் செய்வது.
அகார் தட்டை இன்குபேட்டரில் வைத்துக்
கதவைச் சாத்துகிறேன்.
ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுக்கள்,
தட்டுக்கு அறுபது,
உள்ளே ஓடுவதெல்லாம் வெளியே தெரியும் உடம்பு.
பிறகு எடுத்து
இருபது டிகிரியில் இரவெல்லாம் ஆறவிடுகிறேன்.

காலையில் நீல விளக்கின் கீழே
பச்சை.

சூட்டில் முறுக்கு அவிழ்ந்து கசங்கும் புரதங்களை
ஓடிவந்து தாங்கிப் பிடிக்கும் சின்னப் புரதம் அது.
அதன் வாலில் ஒரு விளக்கைக் கட்டிவிட்டிருக்கிறோம்.
எங்கே ஒளிர்கிறது என்று பார்ப்பது
என் வேலை.

குரோனிங்கன். பிப்ரவரி. ஏழரைக்கும் விடியவில்லை.
சைக்கிளில் நனைந்த கையுறை
ரேடியேட்டர் மேல் ஆவி விடுகிறது.
நோட்டில் எழுதுகிறேன்:
தொண்டைக் குமிழ், மிகுதி.
குடல், மிகுதி. முன்பாதியில் இன்னும்.
தசை, மங்கல்.
கருவணுக்கள், இல்லை.

சூட்டை முதலில் அறிவது
தலையில் இருக்கும் இரண்டே நரம்புச் செல்கள்.
அவை இந்தத் தட்டில் இருட்டாக இருக்கின்றன.
தலை அறிகிறது.
குடல் எரிகிறது.

செவ்வாய் இரவு இரண்டு பத்துக்கு
எங்கள் ஊர் ஒருமுறை குலுங்கியது.
லாரி சுவரில் மோதியது போல ஒரே ஓர் அடி,
அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் பேசி ஓய்ந்தன.
மூன்று கிலோமீட்டர் கீழே
அறுபது வருடம் எரிவாயு உறிஞ்சிய மணற்பாறை
தன் இடத்தைச் சரிசெய்துகொள்கிறது.
ஹார்மன் எழுந்து விளக்கைப் போட்டார்,
அணைத்தார்,
"படு" என்றார்.
யெல்மர் அசையவே இல்லை.

அடுக்களை ஜன்னலின் மேல் மூலையிலிருந்து
செங்கல் இடுக்குகளைப் படியாகப் பிடித்துக்கொண்டு
ஏறியிருந்தது விரிசல்.
ஆய்வாளர் போல்மன் சின்ன அளவுகோலை வைத்துப்
படம் எடுத்தார்.
"இது பழையதாகவும் இருக்கலாம்" என்றார்.
பக்கத்து வீட்டை இரண்டு மரத்தூண்கள்
அக்குளில் தாங்கி நிற்பதை
அவர் பார்க்காத மாதிரி பார்த்தார்.

வியாழன், பள்ளியிலிருந்து தொலைபேசி.
யெல்மருக்கு வயிற்றுவலி.
மருத்துவர் அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்,
ஒன்றுமில்லை என்றார்.
சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வரும்போது கேட்டேன்:
அன்றைக்கு நீ தூங்கிக்கொண்டுதானே இருந்தாய்?
"ஆமாம்" என்றான்.
சிறிது தூரம் போய்,
"கண்ணை மூடிக்கொண்டு."

வெள்ளி.
ட்யேர்ட் என் தோளுக்கு மேலே குனிந்து நோட்டைப் படித்தான்.
சூடே படாத தட்டைக் கொண்டுவந்து
லென்ஸுக்கு அடியில் தள்ளினான்.
அதிலும் குடல் மினுங்கியது.
"குடலுக்குச் சொந்த வெளிச்சம் ஒன்று உண்டு,
யாரும் எதுவும் செய்யாவிட்டாலும்.
அதைக் கழித்துவிட்டு எண்ணு."
பிறகு கடைசி வரியில் விரலை வைத்தான்.
"இதை அடி.
கருவணுக்கள் நாம் நுழைத்த மரபணுவின் வாயைப் பொத்திவிடும்.
அணைந்திருப்பது விளக்கு.
புரதம் இல்லை என்று உனக்கு யார் சொன்னது?"

'இல்லை'யை அடித்தேன்.
'தெரியவில்லை' என்று எழுதினேன்.
இருபது வருடத்தில் நான் எழுதிய 'இல்லை'கள் எத்தனை
என்று எண்ணப் பயமாக இருந்தது.

இரவு, சேதப் படிவம் நிரப்புகிறோம்.
சுவர், கூரை, தரை, புகைபோக்கி,
ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.
யெல்மர் சோபாவில், வெந்நீர்ப் பையைக்
கட்டிக்கொண்டு தூங்குகிறான்,
அல்லது கண்ணை மூடியிருக்கிறான்.
வலியில் எவ்வளவு அவனுடைய சொந்த வெளிச்சம்,
எவ்வளவு செவ்வாய்க்கிழமை,
எதைக் கழிப்பது?

ஹார்மன் எழுத்தைச் சீராக இட்டுக்கொண்டே போகிறார்.
கை நடுங்கவில்லை. குரல் மாறவில்லை.
நன்றாகச் சாப்பிட்டார்.
"வேறு ஏதாவது?" என்று கேட்கிறார், பேனாவைத் தூக்கிப் பிடித்து.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
தலையிலிருந்து,
மெதுவாக,
கீழே.